மைக்கண்ணன் மெதுவாகத்தான் ஜெபித்தார்

சபையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆலயத்தில் மைக் செட்டைக் கவனித்ததால், பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவர் ‘மைக்’ அண்ணன், அதாவது மைக்கண்ணன்தான். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி மேய்த்துக்கொண்டிருந்தவளும் ‘மைக்கண்ணன் வீட்டு டீச்சர்’ ஆகிப்போனாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மாற்றிக்கொள்ள அவளுக்கும் மனசில்லை.

கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற அறை அது. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். மேஜை நிறைய வயிறு திறந்து கிடக்கும் ரேடியோக்கள், ஈயம் பற்றவைக்கும் புகை, மூலையில் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் வயர்கள். கல்யாணம், கூட்டம் என்றால் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கொடுப்பார். அப்படிச் சபையில் நடந்த ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு வாடகைப் பெட்டிகளோடு வந்தவரை அவள் முதன்முதலாகப் பார்த்ததே சண்டைக்குத்தான். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிவிட்டு, பாட்டு முடிந்த கையோடு நேராக அவரிடம் போனாள்.

“நான் பாடினது வெளியில கேக்கவே இல்லையாம். எங்க அம்மா சொன்னாங்க.”

அவர் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “கேட்டுச்சு. அதனாலதான் குறைச்சேன்.”

ஆயுசுக்கும் இந்த ஆளோடு பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் அந்த ஆளுக்கே கழுத்தை நீட்டினாள். நடுவில் நடந்தது அவள் எதிர்பார்க்காதது. கூட்டம் முடிந்து பெட்டிகளை எடுத்துப் போக வந்தவர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு போதகரிடம் பேச உட்கார்ந்தார். சத்தம் சரியாக வருகிறதா என்று கவனிப்பதற்காகத்தான் பிரசங்கங்களைக் கேட்டாராம். ஆனால் கேட்டது உள்ளே போய்விட்டதாம். வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. சில மாதம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தார். அதற்குப் பிறகு சபைக்கு வாடகை ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. ஆளே சொந்தமாகிவிட்டார்.

ஆலயத்தின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதுதான் அவர் இடம். போதகர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கை விழுங்கப் போகும்போது சத்தத்தை இறக்குவார். வெட்கப்பட்டு மார்போடு பேசுகிற புதுப் பெண்ணுக்கு ஏற்றிக் கொடுப்பார். விசிறிக் காற்று மைக்கில் மோதினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். சபையில் அத்தனை பேரையும் அவர் பின்மண்டையை வைத்தே அடையாளம் சொல்வார். ஒருதரம் கடைத்தெருவில் ஒருவர் எதிரே வந்து வாய் நிறைய வணக்கம் சொன்னார். இவர் யாரென்று தெரியாமல் விழித்தார். அந்த மனிதர் தாண்டிப் போனதும் திரும்பிப் பார்த்து, “அட, மூணாவது பெஞ்சு!” என்று கூவினார்.

அவள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஆலயத்தில் தனியாகத்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன் உட்காராத பெண்கள் இரண்டே வகை, விதவைகளும் மைக்குக்காரன் பெண்டாட்டியும் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு பாதிதான்.

யாராவது, “இன்னைக்கு ஒவ்வொரு வார்த்தையும் மணியா கேட்டுச்சு மைக்கண்ணே” என்று பாராட்டினால், “எல்லாம் ஆண்டவருக்கே மகிமை” என்பார். வாய் மகிமையை மேலே அனுப்பிவிடும். முகம் அதில் ஒரு பங்கைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வரும் வழியில், “நான் ஒரு வாரம் வரலேன்னா இந்தச் சபைக்கு வாயே கிடையாது, தெரியுமில்ல?” என்பார். அவள் முன்னால் எட்டி நடப்பாள்.

எட்டி நடந்ததற்குப் பழைய காரணம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. பல் முளைக்குமுன் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்த மறுநாள் பக்கத்து ஊரில் பெரிய கூட்டம். அவர் காலையில் எழுந்து, வயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். “போயிட்டு வர்றேன்” என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். அதற்குப் பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான், வேறு ஊரில் வேலைக்குப் போனான். அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. கடவுளின் காரியம் என்று வந்தால் இந்த மனிதருக்கு வீடு, பிள்ளை, பெண்டாட்டி எல்லாம் இரண்டாம் பட்சம் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்து, அதை மனசின் அடியில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

குடும்ப ஜெபத்தில் அவர் குரல் கணீரென்று இருக்கும். “சர்வ வல்லமையுள்ள தேவனே, தேவரீர் எங்கள் விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்தருளும்” என்று இழுத்து இழுத்து ஆரம்பிப்பார். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அவளுக்கு, மைக் டெஸ்ட் செய்கிற மாதிரியே இருக்கும். வார்த்தையெல்லாம் சரியாக வரும். யாரோடு பேசுகிறார் என்பதுதான் தெரியாது.

தலை நரைத்து, முட்டி பிடிக்க ஆரம்பித்த வயதில் காது மந்தமானது. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. காலிங்பெல் கேட்கவில்லை. பால் பொங்கி வழிந்த சத்தத்துக்கு அவள் ஓடிவந்தபோது, அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்வாரா? “நீதான் இப்பல்லாம் முணுமுணுன்னு பேசுற” என்று பழியை அவள்மேல் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டு வெளிப்பட்டது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அவர் பேச ஆரம்பித்ததும் மைக் விசிலடித்தது. காதுக்குள் ஊசி ஏற்றுகிற கிரீச்சென்ற விசில். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் வீறிட்டன. சபை மொத்தமும் திரும்பி மைக்கண்ணனைப் பார்த்தது. அவர் குமிழ்மேல் கை வைத்தபடி, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவருக்கு எட்டவே இல்லை. அத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும், ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்து மெல்லப் புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையை அவளால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எழுந்து ஓடிப்போய் அவர் கையை நகர்த்திக் குமிழைத் திருப்பினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காதைப் பொத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மேஜையை விட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

போதகர் வந்து பேசினார். “உங்களை யாரும் குறை சொல்லலியே அண்ணே. நீங்க வந்து சும்மா உக்காருங்க, அது போதும்.”

“சும்மா உக்கார்றதுக்கு நான் எதுக்குங்க?” என்றார் அவர். சத்தமாகத்தான் சொன்னார். இப்போதெல்லாம் அவருக்குச் சத்தமாக மட்டும்தான் பேச வந்தது.

மைக் மேஜையை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள். நன்றாகவே செய்தாள். அவர் இல்லாமலும் சபைக்கு வாய் இருந்தது. இந்தச் செய்தி காதில் விழாதவருக்கும் எப்படியோ எட்டியது. அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார். குடும்ப ஜெபமும் நின்றது. நடுமாடியிலிருந்த வீட்டின் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி இருப்பார். அவள் கிளம்பும்போது, “போயிட்டு வா” என்பார். குழந்தையை அடக்கம் செய்த மறுநாள், தரையில் கிடந்தவளிடம் அவர் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு ஞாபகம் வரும்.

இப்படியே சில வாரம் போனது. ஒரு காலையில் அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்ன பேசறதுன்னே தெரியல ஆண்டவரே. எனக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் நாலு பேருக்குக் கேக்கணும்னு பழகின வார்த்தை. இப்ப எனக்கே கேக்கல.”

கத்தி அப்படியே நின்றது. அவர் கிசுகிசுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பேசுவது வீடு முழுக்கக் கேட்டது. படுக்கையறை ஜன்னல் மாடிப்படிப் பக்கம் திறந்து கிடந்தது என்பது அடுத்த நொடி உறைத்தது. கீழ்வீடு, மேல்வீடு, படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருக்கும் கேட்கும். மானம் போகிறதே என்று ஜன்னலைச் சாத்த ஓடினாள். கதவில் கை வைத்தவளை அடுத்த வார்த்தை நிறுத்தியது.

“உங்களுக்காகத்தான் உழைச்சேன்னு நினைச்சேன். யோசிச்சுப் பார்த்தா, ஆலயத்துல ஒருநாளும் உங்க பக்கத்துல உக்காந்ததில்ல. வாசல்ல நின்ன வேலைக்காரன் மாதிரி இருந்துட்டேன். உங்களை எனக்குத் தெரியாது. அதான் நிஜம்.”

அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு அழுதாள்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கதவு சாத்தியது. அதற்கடுத்த நாளும். முதலில் எல்லாம் கோபம்தான். காதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார், காரணத்தைக் கேட்டார், கத்தினார். நாளாக ஆக, கோபம் வாக்குவாதமானது. வாக்குவாதம் பேச்சானது. ‘தேவரீர்’ எங்கேயோ காணாமல் போய், ‘நீங்க’ வந்தது. சில நாள் ஒன்றும் கேட்காமல், “நான் இங்கதான் இருக்கேன். நீங்களும் இருக்கீங்க. போதும்” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருப்பார். அந்த மௌனமும் சமையலறைக்கு எட்டும். இப்படி ஒரு மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு ஞாயிறு அவராகவே ஆலயத்துக்குக் கிளம்பி வந்து, பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரசங்கம் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் தலையைத் திருப்பித் திருப்பி எல்லோர் முகத்தையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஜெபத்தில் மற்றவர்களைப் பற்றிய பேச்சும் வர ஆரம்பித்தது. மேல்வீட்டில் ஒரு நர்ஸ் பெண் தனியாகக் குடியிருந்தாள். “அந்தப் பொண்ணு படியேறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு ஏறுது. உடம்புல என்ன, மனசுல என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். கீழ்வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீர் அவர் துவைத்துப் போட்ட சட்டைமேல் சொட்டியது என்று பெரிய ரகளையாகி, அதோடு பேச்சு வார்த்தை அறுந்து போயிருந்தது. அவரும் ஒருநாள் ஜெபத்துக்குள் வந்தார்.

“கீழ்வீட்டு டிரைவருக்கு முட்டி ரொம்ப மோசமா இருக்கு ஆண்டவரே. காலமெல்லாம் பிரேக்கை மிதிச்ச கால். அந்த வலியிலதான் மனுஷன் எரிஞ்சு விழுறாரு. நானும் அதைப் புரிஞ்சுக்காம பதிலுக்குப் பதில் பேசிட்டேன்.”

அன்றைக்கே, யாரும் சொல்லாமலே, பால்கனிப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்பக்கம் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில், அவர் அறைக்குள் இருக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் டிரைவர். ஒரு கை சுவரில், ஒரு கை முட்டியில். சண்டைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்து அவளே முந்திக்கொண்டாள்.

“அண்ணே, அவருக்குக் காது கேக்காது. அவருக்கே தெரியாது இவ்வளவு சத்தம்னு. நான் சொல்லி நிறுத்தச் சொல்றேன்.”

“நிறுத்தச் சொல்லாதீங்க டீச்சர்.” அவர் குரல் இறங்கியிருந்தது. “அதைச் சொல்லத்தான் வந்தேன். நமக்கு இந்தச் சாமி விஷயமெல்லாம் ஒத்து வராது. ஆனா நான் இல்லாத இடத்துல என்னைப் பத்தி ஒரு மனுஷன் நல்லபடியா பேசி நான் கேட்டதே இல்ல. என் பெண்டாட்டி போனதுக்கப்புறம் என் முட்டி வலின்னு ஒண்ணு இருக்கிறது வேற யாருக்கும் தெரியாது.”

உள்ளே குரல் போய்க்கொண்டே இருந்தது. இருவரும் வாசலில் நின்று கேட்டார்கள். போகும்போது டிரைவர், “தொட்டியை வெளியவே வைங்க தங்கச்சி. செடி வாடுது” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அந்த நேரத்துக்கு மேல்வீட்டு ரேடியோ நின்றுவிடும். படியில் யாராவது ஏறினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். நர்ஸ் பெண் ஒருநாள் படியில் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு மேலே போனாள். கட்டடத்துக்கே தெரிந்த ரகசியம், மைக்கண்ணனுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கெல்லாம் சத்தம் ஏற்றிக் கொடுத்த மனிதர், தன் சத்தம் எங்கே போகிறது என்று அறியாமல் முழங்காலில் இருந்தார். இந்தத் தடவை பாராட்டில் பங்கு எடுத்துக்கொள்ள அவருக்கு வழியே இல்லை. ஆண்டவருக்குக்கூட இப்படியெல்லாம் குறும்பு உண்டா என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஒரு மழைக்காலக் காலையில் அந்தப் பேச்சு வந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க பாப்பாவைப் பத்தி உங்ககிட்ட இன்னைக்குப் பேசணும்” என்று ஆரம்பித்தார். அவள் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. “அன்னைக்கு நான் ஊழியத்துக்குன்னு போகல. உங்களுக்குத் தெரியும். வீட்டுல இருந்தா அந்தத் தொட்டிலைப் பார்க்கணும். பெத்தவ முகத்தைப் பார்க்கணும். தைரியமில்ல. அங்க போய், கூட்டம் முழுக்கப் பெட்டிக்குப் பின்னால உக்காந்து அழுதேன். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அவகிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. அவ என்னைக் கல்லுன்னு நினைச்சிருப்பா. அவளை நீங்கதான் தேத்தணும். எனக்கு வாய் வரல.”

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கண்ணைப் பார்த்து அவர், “என்னம்மா, தலைவலியா?” என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டி, அவர் தோளில் நெற்றியை வைத்தாள். அவர் ஒன்றும் புரியாமல், ஆனாலும் நகராமல் நின்றார். மனசின் அடியில் மூடி வைத்திருந்தது அன்றைக்கு அவளிடமிருந்து போனது.

பிறகு மகன் லீவில் வந்தான். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியே தீருவேன் என்றான். அவளுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. மெஷின் மாட்டினால் அவருக்குத் தன் குரல் கேட்கும். கேட்டால் கூசிப்போவார். அந்தக் காலை நேரம் போய்விடும். வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் மனிதர் குருவிச் சத்தம் கேட்டு எத்தனை காலமாகிறது? தனக்கு வேண்டும் என்பதற்காக அவரைச் செவிடாகவே வைத்திருப்பதா? “வாங்கிக் குடுப்பா” என்றாள்.

மெஷின் வந்தது. அவள் காபி ஆற்றுகிற சத்தத்தைக் கேட்டு அவர் குழந்தை மாதிரி சிரித்தார். மறுநாள் காலை கதவு சாத்தியது. “ஆண்டவரே” என்று ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் ஒன்றுமில்லை. கதவு திறந்தது.

“ஏம்மா... இவ்வளவு நாளா இப்படியா?”

“ஆமாங்க.”

“கீழ கேக்குமா?”

“மேலயும் கேக்கும்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “பாப்பா விஷயம்...” என்று இழுத்தார்.

“கேட்டேன்” என்றாள் அவள். “நான் உங்களைக் கல்லுன்னுதான் நினைச்சேன். இப்ப நினைக்கல.”

கொஞ்ச நாள் அவர் வெட்கத்தில் படி இறங்கவே இல்லை. ஜெபம் உதட்டுக்குள் நடந்தது. கட்டடமே ஏதோ மாதிரி இருந்தது. டிரைவர் படியில் நிறுத்தி, “உடம்புக்கு ஏதாவதா தங்கச்சி?” என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். டிரைவர் சிரிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, மைக்கண்ணனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்களைப் பாராட்ட வரல. நீங்க பேசுறது ரொம்ப சாதாரணமாத்தான் இருக்கும்” என்றார். “ஆனா அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி நீங்க பேசுவீங்க. அது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு.”

“எனக்கே இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா தெரியுது” என்றார் மைக்கண்ணன்.

அடுத்த நாள் காலை அறைக்குள் போகுமுன் காது மெஷினைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“இதை வச்சுக்கோ. ஆண்டவர்கிட்ட பேசும்போது என் குரல் எனக்கு எதுக்கு?”

கதவைச் சாத்தினார். பழைய மாதிரியே, தன் குரல் தனக்குக் கேட்காமல், கட்டடம் அதிர ஜெபித்தார். இந்த முறை ஜன்னலை அவரே திறந்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். அவளுக்கு அவளுடைய குடித்தனத்தில் மிக நல்ல வருஷங்கள் அவைதான். டிரைவர் வாரா வாரம் ஆலயத்துக்கு வந்து அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். மெஷினுக்கும் பிடிபடாத இடங்களில், பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று அவர் காதில் டிரைவர் கத்திச் சொல்ல, முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பால்கனி நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் காலை. வீடு வெறிச்சென்று இருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தாமல் கிடந்தது. யாரோ மெல்லப் படியேறி வரும் சத்தம் கேட்டது. டிரைவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே நர்ஸ் பெண்ணும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

அவள் காபி போட எழுந்தாள்.

“அது அப்புறம் ஆகட்டும்” என்றார் டிரைவர். “நீங்க ஆரம்பிங்க தங்கச்சி. கொஞ்சம் சத்தமா.”

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பாட்டைத் தவிர வேறு எதற்கும் நாலு பேர் முன்னால் அவள் குரல் எழுந்ததில்லை. ஜெபம் என்றால் அவர் பார்த்துக்கொள்வார் என்று கண்ணை மூடியிருந்தே பழக்கம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டாள். என்ன வார்த்தை சொல்வது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதையே அவள் முதலில் சொன்னாள்.